‘ப்ளீக் ஹவுஸ்’: ஒரு கொலைக்காக 47 அத்தியாயங்கள் காத்திருந்தது வீணா?

உங்கள் கேள்வியை முதலில் என் சொற்களில் ஒருமுறை சொல்லிவிடுகிறேன். தவறாகப் புரிந்துகொண்டிருந்தால் திருத்துங்கள். கொலையும் பழிவாங்கலும் உள்ள விக்டோரியா காலத்துப் பெரிய நாவல் என்று நண்பர் ஒருவர் சொன்னதை நம்பி, சார்லஸ் டிக்கன்ஸின் ‘ப்ளீக் ஹவுஸ்’ நாவலை இரண்டு மாதம் முயன்று படித்து முடித்திருக்கிறீர்கள். மொத்தம் 67 அத்தியாயங்கள். டெட்லாக் என்ற பிரபுக் குடும்பத்தின் வழக்குரைஞர் டல்கிங்ஹார்ன் சுடப்பட்டுக் கிடப்பது 48ஆம் அத்தியாயத்தின் முடிவில். 54ஆம் அத்தியாயத்தில் கொலையாளியின் கையில் விலங்கு விழுந்துவிடுகிறது. அவளும் இடையிடையே தலைகாட்டிப் போன ஒரு பிரெஞ்சுப் பணிப்பெண். “இதற்குத்தானா இவ்வளவு பக்கம், நான் எதையாவது கவனிக்காமல் விட்டுவிட்டேனா” என்று கேட்டிருக்கிறீர்கள். கேள்வி கொலையாளியைப் பற்றியது போலத் தோன்றினாலும், உங்களை உறுத்துவது அவளுடைய காரணம் என்று நினைக்கிறேன். வேலை வாங்கித் தரவில்லை என்பதற்காக ஒருத்தி ஒருவரைச் சுடுவாளா, சுட்டாலும் அதன்மேல் இவ்வளவு பெரிய கட்டடத்தை எழுப்பலாமா என்பதே உங்கள் குறை. அதற்குத்தான் பதில் எழுதுகிறேன். நாவலைப் படிக்காதவர்கள் இந்த இடத்தோடு நிறுத்திக்கொள்வது நல்லது. எதையும் மறைக்காமல் எழுதப்போகிறேன்.

நான் கல்லூரியில் 27 ஆண்டுகள் ஆங்கில இலக்கியம் நடத்தியவன். அதில் பாதிக்கு மேற்பட்ட ஆண்டுகளில் இந்த நாவல் முதுகலைப் பாடத்தில் இருந்தது. ஆகவே விருப்பம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஆண்டுக்கு ஒருமுறை முழுதாகப் படித்தேன். சட்டம் படித்தவன் அல்லன் என்பதால், நாவலில் சொத்து வழக்குகளை ஆண்டுக்கணக்கில் இழுத்தடிக்கும் சான்சரி நீதிமன்ற நடைமுறையின் நுட்பங்களுக்குள் இறங்க மாட்டேன். கதை எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது என்பதைப் பற்றி மட்டும் ஓரளவு துணிந்து பேச முடியும்.

உங்கள் ஏமாற்றத்தில் நியாயமான பங்கு ஒன்று உண்டு. அதை முதலில் ஒப்புக்கொண்டுவிடுகிறேன். துப்பறியும் கதையாக மட்டும் பார்த்தால் இந்த நாவல் வாசகருக்கு நேர்மையாக நடந்துகொள்ளவில்லை. காவல் அதிகாரி பக்கெட்டின் வீட்டில் ஒரு பெண் குடியிருக்கிறாள் என்பது 53ஆம் அத்தியாயத்தில் பெயர் சொல்லாமல், போகிற போக்கில் வருகிறது. அவள்தான் அந்தப் பிரெஞ்சுப் பணிப்பெண் ஹார்டென்ஸ் என்பதை அடுத்த அத்தியாயத்தில் பக்கெட்டே சொன்னால்தான் உண்டு. துப்பாக்கியில் மருந்தோடு திணித்திருந்த காகிதம் டெட்லாக் குடும்பத்தின் செஸ்னி வோல்ட் மாளிகையைப் பற்றிய ஓர் அச்சுத்தாளிலிருந்து கிழிக்கப்பட்டது என்பதும், அந்தத் தாளின் மீதித் துண்டுகளைப் பக்கெட்டின் மனைவி பொறுக்கியெடுத்து ஒட்டிப் பார்த்தாள் என்பதும், துப்பாக்கி குளத்திலிருந்து எடுக்கப்பட்டது என்பதும் அப்படித்தான். இவற்றில் எதையும் நாம் முன்கூட்டியே கண்டுபிடித்திருக்க வழியில்லை. பக்கெட்டுக்கே முதல் சந்தேகம் தடயத்தால் வரவில்லை. இரவு உணவு மேசையில், கையில் கத்தியோடு எதிரே உட்கார்ந்திருந்தவளைப் பார்த்த கணத்தில் இவள்தான் என்று மனத்தில் பளிச்சென்று பட்டதாக அவர் சொல்கிறார். எல்லாத் தடயங்களையும் வாசகர் கண்முன் வைத்துவிட வேண்டும் என்ற ஒழுங்கு துப்பறியும் கதைகளில் பிற்காலத்தில் உருவானது. லண்டன் காவல்துறையில் துப்பறியும் பிரிவே 1842இல்தான் தொடங்கியது. டிக்கன்ஸ் எழுதிய காலத்தில் பக்கெட் போன்ற ஒருவர் புதுமை. ஆகவே ‘யார் கொன்றது’ என்ற கயிற்றைப் பிடித்துக்கொண்டு 47 அத்தியாயங்களைக் கடந்தவர் ஏமாந்துதான் போவார். அது உங்கள் வாசிப்பின் குற்றமில்லை.

அடுத்து, தாமதம். இந்தக் கதை முதலில் புத்தகமாக வரவில்லை. 1852 மார்ச்சிலிருந்து 1853 செப்டம்பர் வரை மாதம் ஓர் இதழாக, 32 பக்கமும் இரண்டு ஓவியமும் ஒரு ஷில்லிங் விலையுமாக வெளிவந்தது. கடைசி இதழ் மட்டும் இரட்டை இதழ். வாரப் பத்திரிகையில் தொடர்கதை படித்து வளர்ந்தவர்களுக்கு இதைப் பெரிதாக விளக்க வேண்டியதில்லை: தொடரைத் தொடராகப் படிப்பது வேறு, பைண்டு செய்த மொத்தக் கட்டை ஒரே மூச்சில் விழுங்குவது வேறு. கொலை நடப்பது 1853 மே மாதத்து இதழில். அது 15ஆவது இதழ். முதல் இதழை வாங்கியவர் 14 மாதம் காத்திருந்திருக்கிறார். அந்த ஓர் இதழில் என்னென்ன இருக்கின்றன என்று பாருங்கள். 47ஆம் அத்தியாயத்தில் தெருக் கூட்டும் சிறுவன் ஜோ, மருத்துவர் சொல்லிக்கொடுக்கும் பிரார்த்தனையை வரிக்கு வரி திருப்பிச் சொல்லிக்கொண்டே, பாதியில் இறந்துபோகிறான். 48இல் டல்கிங்ஹார்ன் நிலவொளியில் வீட்டுக்கு நடக்கிறார், வழியெல்லாம் கதைசொல்லி ‘வீட்டுக்குப் போகாதே’ என்று திரும்பத் திரும்பச் சொல்ல, அவர் போய்ச் சேர்கிறார், ஒரு வெடிச்சத்தம், நாய்கள் குரைக்கின்றன, காலையில் மேசைமேல் ஏறக்குறைய நிரம்பிய ஒரு மதுக்குப்பி, ஒரு கோப்பை, ஏற்றிய சற்று நேரத்திலேயே ஊதி அணைக்கப்பட்ட இரண்டு மெழுகுவத்திகள். 49இல் ஒரு பிறந்தநாள் விருந்துக்கு நடுவே பக்கெட் சிரித்துப் பாடி, குழந்தைகளைக் கொஞ்சி, வெளியே வந்ததும், விருந்துக்கு வந்திருந்த முன்னாள் படைவீரர் ஜார்ஜைக் கைதுசெய்கிறார். ஒரு சிறுவனுடைய சாவுக்குக் குற்றவாளியைத் தேட யாரும் இல்லை. ஒரு செல்வாக்குள்ள வழக்குரைஞரின் சாவுக்கு மறுநாளே ஒருவர் கைதாகிறார். இந்த இரண்டையும் ஒரே ஷில்லிங்குக்கு விற்ற இதழில் அடுத்தடுத்து வைத்தது தற்செயல் என்று நான் நம்பவில்லை. புத்தகமாகப் படிக்கும்போது இதழ் எல்லைகள் தெரிவதில்லை. அதனால் இந்த அடுக்கு கண்ணில் படாமல் போகிறது.

இனி நீங்கள் கவனிக்காமல் விட்டிருக்கக்கூடியது என்று நான் நினைக்கும் ஒன்றுக்கு வருகிறேன். அது உடை. இரண்டாம் அத்தியாயத்தில், எதிலும் சலிப்பு தவிர வேறெதுவும் காட்டாத சீமாட்டி டெட்லாக், வழக்குக் காகிதம் ஒன்றின் கையெழுத்தைப் பார்த்ததும் யார் நகல் எடுத்தது என்று கேட்டு, அடுத்த நிமிடம் மயங்குகிறார். அந்த ஒரு கேள்வியைப் பிடித்துக்கொண்டுதான் டல்கிங்ஹார்ன் புறப்படுகிறார். (என் வகுப்பில் ஒரு மாணவி, சார்பதிவாளர் அலுவலக வாசலில் உட்கார்ந்து பத்திரம் எழுதுபவரின் மகள், இதைப் படித்ததும் சொன்னாள்: “எங்கப்பா எழுத்தைப் பத்தாயிரம் எழுத்துக்கு நடுவில் போட்டாலும் நான் கண்டுபிடிப்பேன் சார், இந்த அம்மா மயக்கம் போட்டது மட்டும்தான் தப்பு.” அதைவிட நல்ல உரையை நான் படித்ததில்லை.) நகல் எழுதியவர் நீமோ, சீமாட்டியின் பழைய காதலர் கேப்டன் ஹாடன். வழக்குரைஞர் தேடிப் போவதற்குள் அவர் அபினில் இறந்துவிடுகிறார். நெரிசலான இடுகாட்டில் புதைக்கிறார்கள். 16ஆம் அத்தியாயத்தில் முக்காடிட்ட ஒரு பெண், பணிப்பெண் உடையில், ஜோவை அழைத்துக்கொண்டு அந்தக் கல்லறையைப் பார்க்க வருகிறாள். காசு எடுக்கக் கையுறையைக் கழற்றுகிறாள். கை எவ்வளவு வெளுப்பாக, சிறியதாக இருக்கிறது, வேலைக்காரியின் விரலில் இப்படி மின்னும் மோதிரங்களா என்று ஜோ பார்த்துக்கொள்கிறான். அந்த உடை ஹார்டென்ஸுடையது. எசமானி அவளுடைய உடுப்பைப் போட்டுக்கொண்டுதான் வந்திருக்கிறாள்.

22ஆம் அத்தியாயத்தில் அதே உடை மறுபடி வருகிறது. இந்தமுறை டல்கிங்ஹார்ன் வீட்டு அறையில், முக்காடு இறக்கிய ஒரு பெண் அசையாமல் நிற்கிறாள். ஜோவை இழுத்துவந்து காட்டுகிறார்கள். அதே முக்காடு, அதே தொப்பி, அதே கவுன், அவள்தான் என்கிறான். பிறகு கையைக் காட்டச் சொல்கிறார்கள், கை அதில்லை, மோதிரம் அதில்லை என்கிறான், குரலும் அதில்லை. முக்காட்டை விலக்கினால் ஹார்டென்ஸ். இந்தச் சோதனையால் டல்கிங்ஹார்னுக்குத் தேவையானது கிடைத்துவிட்டது: அந்த உடையில் அன்று வந்தவள் இவளில்லை, ஆகவே இவளுடைய எசமானி. இரண்டு காட்சிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எசமானி தன் ரகசியத்தை மறைக்க இவளுடைய உடுப்பை எடுத்துக்கொண்டாள். வழக்குரைஞர் அந்த ரகசியத்தைத் திறக்க இவளை அந்த உடுப்புக்குள் நிறுத்தினார். இருவருமே அவளை ஒரு துணிப் பொம்மையாகப் பயன்படுத்திக்கொண்டார்கள், இருவருமே காரியம் முடிந்ததும் தள்ளிவிட்டார்கள். வேலை கிடைக்கவில்லை என்பது அவள் வாயால் சொல்லும் காரணம். அதற்கு அடியில் இருப்பது இதுதான் என்பது என் வாசிப்பு. ஆசிரியர் இப்படி எங்கும் விண்டு சொல்லவில்லை. ஆனால் இந்த உடை முடிவுவரை வருகிறது. 59ஆம் அத்தியாயத்தில், செங்கல் சூளைத் தொழிலாளியின் மனைவி ஜென்னி என்று நினைத்து, கதையின் பாதியைத் தன் வாயால் சொல்லும் எஸ்தர், சீமாட்டிக்கும் ஹாடனுக்கும் பிறந்த மகள், இடுகாட்டு வாசலில் கிடப்பவளின் தலையைத் தூக்கி, ஈரக் கூந்தலை ஒதுக்கி, முகத்தைத் திருப்புகிறாள், தன் தாய். சீமாட்டி தொடரப்படாமல் இருக்க ஜென்னியோடு உடை மாற்றிக்கொண்டு வந்திருக்கிறார். காதலனின் கல்லறைக்கு முதலில் வந்தது ஒரு பணிப்பெண்ணின் உடையில். சாக வந்தது ஒரு கூலிக்காரனின் மனைவியின் உடையில்.

ஹார்டென்ஸின் வன்மம் கொலைக்கு முன்பே இரண்டு இடங்களில் கண்ணுக்குமுன் நடக்கிறது. வேகமாகப் படித்தால் இரண்டும் நழுவிவிடும். ஒன்று 18ஆம் அத்தியாயம். புயல் மழை ஓய்ந்ததும் சீமாட்டி புதிய பெண் ரோசாவை மட்டும் வண்டியில் ஏற்றிக்கொண்டு, இவளை வழியில் விட்டுவிட்டுப் போகிறார். ஹார்டென்ஸ் ஒரு வார்த்தை பேசவில்லை. காலணிகளைக் கழற்றித் தரையில் வைத்துவிட்டு, நனைந்த புல்லின் நடுவே மாளிகையை நோக்கி வெறுங்காலோடு நிதானமாக நடக்கிறாள். பார்த்துக்கொண்டிருக்கும் காவலாளியின் மனைவி, அதை இரத்தம் என்று நினைத்து நடக்கிறாளோ என்கிறாள். இன்னொன்று 42ஆம் அத்தியாயம். கூலியாகக் கொடுத்த இரண்டு தங்க நாணயங்களை டல்கிங்ஹார்னின் அறைத் தரையில் வீசியடிக்கிறாள். அவை எகிறி விளக்கு வெளிச்சத்தில் ஒருமுறை மின்னி, மூலைகளுக்கு உருண்டோடி, வெகு வேகமாகச் சுழன்று, மெதுவாக அடங்குகின்றன. அவரோ மது அறையின் சாவியை எடுத்துக்காட்டி, சிறைச்சாலைச் சாவிகள் இதைவிடப் பெரியவை என்கிறார். நாடகத்தில் இந்த இடத்தில் பார்வையாளர்கள் மூச்சைப் பிடித்துக்கொள்வார்கள். நாவலிலோ அவர் அமைதியாக அவளை வெளியே அனுப்பிவிட்டு, குப்பியைத் திறக்கப் போகிறார். அப்படி இருந்தும் அவள் பாத்திரமாக மெலிந்துதான் இருக்கிறாள் என்று நீங்கள் சொன்னால் மறுக்க மாட்டேன். பூனை, பழக்கப்படாத பெண் ஓநாய், பாரிஸ் புரட்சிக் காலத்துத் தெருப் பெண் என்றெல்லாம் உவமைகளை அடுக்கும்போது, பிரெஞ்சுக்காரர்களைப் பற்றி அன்றைய ஆங்கிலேயர் மனத்தில் இருந்த அச்சத்தை டிக்கன்ஸ் யோசிக்காமல் செலவழிக்கிறார். ரோசாவுக்கும் ஜென்னிக்கும் காட்டிய பரிவில் கால்பங்குகூட இவளுக்கு இல்லை.

ஆனால் என்னை ஆண்டுதோறும் திரும்பப் படிக்க வைத்தது அவள் அல்ல, செத்தவர். இந்த நாவலில் உண்மையான புதிர் டல்கிங்ஹார்ன் ஏன் அந்தச் சீமாட்டியை அப்படித் துரத்துகிறார் என்பதுதான். அவர் பணம் கேட்கவில்லை. மிரட்டிப் பெற எதுவும் இல்லை. சீமாட்டி அவருக்குச் செய்த கெடுதல் ஒன்றும் கதையில் கிடையாது. குடும்பத்தின் கௌரவத்தைக் காப்பது தன் கடமை என்று வாயால் சொல்கிறார். ஆனால் அவர் பேசாமல் இருந்திருந்தாலே கௌரவம் தப்பியிருக்கும். 29ஆம் அத்தியாயத்தில் கதைசொல்லியே ஒரு நீண்ட வாக்கியத்தில் காரணங்களை வரிசையாக அடுக்குகிறார்: இயல்பிலேயே கொடியவரோ, கடமை என்று எடுத்துக்கொண்டதில் அசையாதவரோ, அதிகாரத்தின் மீது ஆசை கொண்டவரோ, ரகசியங்களைத் தோண்டியே வாழ்ந்ததால் எதுவும் தனக்கு மறைந்திருக்கக் கூடாது என்பவரோ, பெரிய மனிதர்களின் சிரித்த முகத்துக்குப் பின்னால் இருக்கும் சிறுமைப்படுத்தல்களை ஒவ்வொன்றாகச் சேர்த்துவைப்பவரோ என்று. அதில் எதையும் அவர் தேர்ந்தெடுப்பதில்லை. எல்லாம் தெரிந்தவர் போலப் பேசும் கதைசொல்லி இந்த ஒரு மனிதரின் உள்ளே மட்டும் நுழைய மறுப்பது உறுதியான செய்தி. ஏன் மறுக்கிறார் என்பது திறந்த கேள்வி.

என் ஊகம் கடைசிக் காரணத்தின் பக்கம் சாய்கிறது. அதற்குச் சான்றாக நான் காட்டுவது 22ஆம் அத்தியாயத்தின் தொடக்கம். ஐம்பது ஆண்டுப் பழமையான போர்ட் மதுவைத் தனியாக உட்கார்ந்து அருந்திக்கொண்டே டல்கிங்ஹார்ன் ஒரு பழைய நண்பரை நினைக்கிறார். அவரும் வழக்குரைஞர், அவரும் மணமாகாதவர், இதே மாதிரி வாழ்க்கை. 75 வயதுவரை வாழ்ந்துவிட்டு, ஒரு கோடைக்கால மாலையில் தன் தங்கக் கடிகாரத்தை முடிதிருத்துபவரிடம் கொடுத்துவிட்டு, ஆற அமர வீட்டுக்கு நடந்துபோய்த் தூக்குப் போட்டுக்கொண்டார். ஒரே பத்தியில் வந்து போகிற அந்த மனிதர் மறுபடி கதையில் வருவதில்லை. உள்ளே எதுவுமே இல்லாத ஒருவருக்குப் பிறருடைய ரகசியங்கள்தான் உயிர் என்று அந்த ஒரு நினைவு காட்டுவதாக நான் எடுத்துக்கொள்கிறேன். ஒரு சக ஆசிரியர், பெண் ஒருத்தி தன் வர்க்கத்துக்கு மேலே உயர்ந்ததைப் பொறுக்காத ஆணின் வஞ்சம் என்றே இதைப் படித்தார். பல ஆண்டுகள் வாதாடியும் அவரை நான் அசைக்க முடியவில்லை, அவர் பக்கமும் பக்கங்கள் இருக்கின்றன. இப்படிப் பார்த்தால் பணிப்பெண் செய்தது பழிவாங்கல். வழக்குரைஞர் செய்துகொண்டிருந்தது காரணமே சொல்ல முடியாத ஒரு கறுவு. கொலைக்கு முந்தைய 47 அத்தியாயங்களில் இரையைச் சுற்றிச் சுற்றி வருபவர் அவர்தான்.

பழி என்று வெளிப்படையாகச் சொல்லும் இடம் ஒன்றும் ஆரம்பத்திலேயே இருக்கிறது. 7ஆம் அத்தியாயத்தில் மாளிகைக் காப்பாளர் சொல்லும் பேய்க்கதை. முதலாம் சார்லஸ் மன்னர் காலத்து டெட்லாக் சீமாட்டி ஒருத்தி, கணவன் பக்கத்தவர் போருக்குப் புறப்படும் குதிரைகளை ஊனப்படுத்தி, அந்தப் போராட்டத்தில் தானும் இடுப்பு ஊனமாகி, மாளிகையை ஒட்டிய கல்தள நடைபாதையில் விழுந்து சாகும்போது, இந்த வீட்டின் பெருமை அழியும்வரை இங்கேயே நடப்பேன் என்று சொல்லிச் சாகிறாள். கிழவி சொல்லும் கதை என்று தாண்டிவிடுவோம். நாவல் அதை நிறைவேற்றித்தான் முடிகிறது. எஸ்தரை வளர்த்த பெரியம்மா மிஸ் பார்பரியின் வஞ்சமும் இந்த வகைதான்: தங்கையின் குழந்தை இறந்துவிட்டது என்று தங்கையை நம்பவைத்து, அந்தக் குழந்தையைத் தானே வளர்த்து, நீ பிறக்காமலே இருந்திருக்கலாம் என்று பிறந்தநாள்தோறும் உணர்த்திக்கொண்டிருப்பது. அதில் இரத்தம் இல்லை. ஆனால் துப்பாக்கி செய்ததைவிட அதிகம் செய்தது அதுதான். கிரிட்லியின் வழக்கைப் பற்றி இங்கே ஒரு வரி போதும்: 300 பவுண்டு பாகத்துக்கான வழக்கில் செலவு அதைப்போல மூன்று மடங்காகி, அவர் நீதிமன்றத்தைப் பார்த்துக் கத்திக் கத்தியே செத்துப்போகிறார். முன்னுரையில் டிக்கன்ஸ், அன்று நடந்துகொண்டிருந்த ஒரு நிஜ வழக்கில் செலவு 70,000 பவுண்டைத் தொட்டுவிட்டது என்றும், ஒரே நேரத்தில் முப்பது நாற்பது வழக்குரைஞர்கள் ஆஜரானது உண்டு என்றும் எழுதுகிறார். நாவல் முழுதும் முடியாமல் இழுபடும் ஜார்ண்டைஸ் சொத்து வழக்கு அவருடைய கற்பனை மிகை என்று நினைப்பவர்கள் அந்த முன்னுரையைப் படிப்பதில்லை.

ஹார்டென்ஸுக்கு நிஜ மாதிரி உண்டா என்றும் கேட்டிருந்தீர்கள். இதில் உறுதியானதையும் ஊகத்தையும் பிரித்துச் சொல்கிறேன். ஸ்விட்சர்லாந்தில் பிறந்து, இங்கிலாந்தில் சீமாட்டிகளுக்குப் பணிப்பெண்ணாக இருந்த மரியா மேனிங் என்பவள், கணவனோடு சேர்ந்து பேட்ரிக் ஓ'கானர் என்பவரைக் கொன்று சமையலறைத் தரைக்கடியில் புதைத்தாள். 1849 நவம்பர் 13 அன்று லண்டன் ஹார்ஸ்மங்கர் லேன் சிறை வாசலில் இருவரும் தூக்கிலிடப்பட்டார்கள். டிக்கன்ஸ் அதை நேரில் பார்த்தார்; கூடியிருந்த கூட்டத்தின் கூச்சலையும் கேலியையும் கண்டித்து ‘தி டைம்ஸ்’ நாளிதழுக்குக் கடிதம் எழுதினார். இவை பதிவான செய்திகள். அவளைப் பார்த்துத்தான் ஹார்டென்ஸ் உருவானாள் என்பது ஆய்வாளர்கள் பொதுவாக ஏற்றுக்கொள்வது. எனக்கும் நம்பத்தகுந்ததாகவே தோன்றுகிறது. ஆனால் நாவலுக்குள் அதற்கு நேரடிச் சான்று எதுவும் கிடையாது. பக்கெட்டுக்கு மாதிரி லண்டன் துப்பறியும் அதிகாரி இன்ஸ்பெக்டர் ஃபீல்ட் என்பதும் இதே தரத்துச் செய்திதான். பழங்கடைக்காரர் க்ருக் தானாகவே தீப்பற்றிச் சாம்பலானதைப் பற்றிக் கேட்டதற்கு மட்டும் தயக்கமின்றிச் சொல்லலாம்: அறிவியல் அதை ஏற்பதில்லை. அக்காலத்திலேயே விமர்சகர் ஜார்ஜ் ஹென்றி லூயிஸ் அச்சில் மறுத்தார். டிக்கன்ஸ் முன்னுரையில் பிடிவாதமாகத் தன் பக்கத்தை வாதாடினார், தோற்றார்.

மீண்டும் படிப்பதென்றால் எப்படி என்ற உங்கள் கடைசிக் கேள்விக்கு நடைமுறையான விடை ஒன்று தருகிறேன். முழுதும் வேண்டாம், இப்போது வேண்டாம். எஸ்தர் சொல்லும் பாதியை ஒதுக்கிவிட்டு, நிகழ்காலத்தில் நகரும் மற்றப் பாதியிலிருந்து 2, 7, 12, 16, 22, 29, 40, 41, 42, 48 ஆகிய அத்தியாயங்களை மட்டும் எடுங்கள். வெறுங்கால் காட்சிக்காக எஸ்தரிடமிருந்து 18ஐ மட்டும் இரவல் வாங்குங்கள். பதினோரு அத்தியாயங்கள், ஒரு நாளைக்கு ஒன்று, அதற்கு மேல் வேண்டாம். ஒவ்வொன்றிலும் யார் யாருடைய உடுப்பில், கையில், குரலில் நிற்கிறார்கள் என்று பென்சிலால் ஓரத்தில் குறித்துக்கொண்டே போங்கள். எஸ்தரின் பகுதி சலிப்பூட்டியது என்று எழுதியிருந்தீர்கள். பலருக்கும் அப்படித்தான், எனக்கும் முதல் இரண்டு முறை அப்படித்தான் இருந்தது. அவளுடைய அடக்கம் பொய்யா, பழக்கமா என்ற கேள்வியைத் தனியாக எழுதுங்கள், தனியாகப் பேசலாம். 41ஆம் அத்தியாயத்துக்கு வரும்போது முடிவுக்கு அருகே சற்று நில்லுங்கள். நள்ளிரவில் சீமாட்டியிடம் எல்லாவற்றையும் சொல்லி முடித்துவிட்டு டல்கிங்ஹார்ன் கோபுர அறையில் தூங்குகிறார். விடியல் வெளிச்சம் எட்டிப்பார்க்கும்போது, குழி வெட்டுபவனும் மண்வெட்டியும் ஏற்கெனவே ஏற்பாடாகிவிட்டது போல அவர் முகம் இருக்கிறது என்று ஆசிரியர் எழுதிவைத்திருக்கிறார். அது 13ஆவது இதழ். கொலைக்கு இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது.